ஐந்து பேர், ஒரு பொதுப் பை: சென்னையிலிருந்து ஸ்பிதிக்கு ஒரு முதல் பயணம்

மாணவர்கள் கூடிப் போடும் பெரிய பயணத் திட்டங்கள் பலவும் ரயில் ஏறுவதற்கு முன்பே கலைந்துவிடும். வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கும், மலைப் படம் முகப்பில் ஏறும், இரண்டு வாரம் ராத்திரி ஒரு மணி வரை பேச்சு ஓடும். அப்புறம் ஒருத்தனுக்கு அரியர், ஒருத்திக்கு வீட்டில் விடவில்லை, இன்னொருவனுக்கு அக்கா கல்யாணம் என்று ஆள் உதிர்ந்து, மிஞ்சிய இரண்டு பேர் பாண்டிச்சேரி போய்விட்டு வருவார்கள். சொல்கிற காரணம் எதுவானாலும் அடியில் பணம் இருக்கும். கையில் அவ்வளவு இல்லை என்று நண்பர்கள் முன்னால் சொல்ல யாருக்கும் வாய் வராது.

இங்கே எழுதுவது அப்படிக் கலையாத ஒரு பயணத்தைப் பற்றி. என் சித்தி மகளும், சென்னையில் அவளோடு ஒரே கல்லூரியில் கடைசி வருஷம் படித்த நான்கு பேரும் மே மாதக் கடைசியில் ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குக் கிளம்பினார்கள். இரண்டு பெண்கள், மூன்று பையன்கள். இரண்டு பேர் சென்னைக்காரர்கள், மற்றவர்களின் ஊர் திருநெல்வேலி, கரூர், வேலூர். யாருமே அதுவரை பெங்களூரைத் தாண்டி வடக்கே போனதில்லை. நான் கூடப் போகவில்லை. அந்தப் பக்கம் முன்பு போயிருக்கிறேன் என்பதால் "அக்கா, இது சரியா வருமா?" என்று போனில் கேட்கப்பட்ட ஆள், அவ்வளவுதான். அவர்களின் செலவு நோட்டு, குழு உரையாடல், திரும்பி வந்து சொன்ன விவரங்கள் எல்லாம் பார்த்து, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் போடாமல் எழுதுகிறேன். முதல் பேச்சிலிருந்து அங்குள்ள காஸா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது வரைதான் இதில் வரும். நான் கவனித்த விஷயம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

முதலில் போட்ட திட்டம்

டெல்லிக்கு விமானம், அங்கிருந்து இரவு வால்வோவில் மணாலி, மணாலியில் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து குன்சும் கணவாய் வழியாக ஸ்பிதியின் தலைமையிடமான காஸா, போகும்போதோ வரும்போதோ சந்திரதால் ஏரி, மறுபடி மணாலி, டெல்லி, வீடு. எட்டு நாள், தலைக்கு இருபத்தைந்தாயிரம். ரீல்ஸில் பார்க்கிற ஸ்பிதி பயணம் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கிறது. குழுவில் மூன்று பேர் உடனே கட்டைவிரல் போட்டார்கள்.

என்னிடம் வந்தபோது இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும், ஒவ்வொரு வருஷமும் பனியை வெட்டி எடுத்த பிறகுதான் வண்டி போகும். அது மே கடைசியாகவும் இருக்கலாம், ஜூன் பாதியாகவும் இருக்கலாம். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு பலருக்கும் இதில் குழப்பம். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் மணாலியிலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்கான லாஹௌலுக்குப் போகும் தடையைத்தான் நீக்கியது. ஸ்பிதிக்கு அதற்குப் பிறகு கிராம்பூ பக்கம் பிரிந்து குன்சுமை ஏறித்தான் ஆக வேண்டும். அந்தப் பகுதிக்குச் சுரங்கம் எதுவும் கிடையாது.

இரண்டாவது, உடம்பு. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். அங்கே ஒரு ராத்திரி படுத்துவிட்டு மறுநாளே 4,500 மீட்டர் கணவாயைத் தாண்டி, 3,650 மீட்டருக்கு மேலுள்ள காஸாவில் போய்ப் படுப்பது சமவெளியில் வளர்ந்த உடம்புக்குப் பெரிய தாவல். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி.

கேட்டுக்கொண்டார்கள், "பாத்துக்கலாம்க்கா" என்றார்கள். திட்டம் மாறவில்லை. மாற்றியது வேறு ஒன்று.

டிபன் பாக்ஸ் மூடியில் விழுந்த சீட்டு

குழுவில் ஒரு ஆள் இரண்டு வாரமாக ஒன்றுமே எழுதவில்லை. திட்டத்தை எதிர்க்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் தங்கை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேரையும் உட்கார வைத்து, நோட்டிலிருந்து ஒரே தாளை ஐந்தாகக் கிழித்துக் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு தொகை எழுத வேண்டும். வீட்டில் கடன் கேட்காமல், நண்பரிடம் கைமாற்று வாங்காமல், வந்த பிறகு அடுத்த மாதச் செலவு இடிக்காமல் எவ்வளவு தர முடியும்? எல்லோரும் ஒரே பேனாவில், எண்ணில் மட்டும் எழுத வேண்டும், பெயர் கூடாது. மடித்து டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக் குலுக்கினார்கள்.

பிரித்தபோது வந்தவை: 30,000, 25,000, 20,000, 18,000, 13,000.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். அப்புறம் ஒரு பையன் சராசரி எடுக்கலாம் என்றான். சராசரி 21,200. அப்படிப் போனால் பதிமூன்றாயிரம் எழுதியவர் எட்டாயிரத்துக்கு எங்கேயாவது கை நீட்ட வேண்டும். இன்னொருவன், நல்ல மனதோடுதான், "குறையறத நான் போட்டுக்கறேன், யாருன்னு சொல்லவே வேணாம்" என்றான். என் தங்கை அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்ன காரணம் எனக்கு இப்போதும் சரியாகவே படுகிறது. ஒருவர் செலவில் இன்னொருவர் வந்தால், எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, எப்போது திரும்புவது என்று எதிலும் அந்த ஆள் வாய் திறக்க மாட்டார். நாள் கணக்கில் ஒரு மனுஷரை அப்படி வாயடைத்துக் கூட்டிக்கொண்டு போவது நட்புக்கு நல்லதில்லை. ஆகவே குழுவின் பட்ஜெட் 13,000. அதற்குள் என்ன முடியுமோ அதுதான் பயணம்.

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் முக்கியமான முடிவு இதுதான். மற்ற எல்லாம் இதிலிருந்து தானாக வந்தன. 13,000ல் 2,000 ரூபாயை உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினால் கையில் நிற்பது 11,000. விமானம் போயிற்று, ரயில் வந்தது. வாடகை வண்டி போயிற்று, ஹிமாசல் அரசுப் பேருந்து வந்தது. மே கடைசியில் காஸாவுக்கு நம்பிப் போகக்கூடிய பேருந்து வழி மணாலிப் பக்கம் இல்லை, சிம்லா, கின்னௌர் மாவட்டம் பக்கம்தான். அந்த வழி சட்லெஜ் ஆற்றை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, அநேகமாக வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது. எட்டு நாள் பயணம் இரண்டு வாரமாக நீண்டது. தேர்வு முடிந்த மாணவரிடம் நாளுக்குப் பஞ்சமில்லை. நான் உயரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியும் நடக்காத மாற்றம், பதிமூன்றாயிரம் என்ற ஒரு சீட்டால் நடந்தது. பணம் குறைவாக இருந்தவருக்காக எடுத்த வழியே ஐந்து பேர் உடம்புக்கும் நல்ல வழியாக அமைந்தது.

டிக்கெட்

கிளம்பும் இடம் சென்னை சென்ட்ரல், ரயில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரவு பத்து மணிக்குக் கிளம்பி, ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலையில் புது டெல்லி. ஸ்லீப்பரில் எண்ணூறு ரூபாயை ஒட்டி ஆகிறது, மூன்றாம் வகுப்பு ஏசி என்றால் இரண்டாயிரத்துக்கு மேல். மாணவர் சலுகை கிடைக்குமா என்று விசாரித்தார்கள். அது சொந்த ஊருக்குப் போகவும் கல்லூரி ஏற்பாடு செய்யும் கல்விச் சுற்றுலாவுக்கும்தான். நண்பர்களாகக் கிளம்பும் பயணத்துக்கு அதைக் கேட்க முடியாது.

முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறந்தது, 2024 நவம்பரிலிருந்து அறுபது நாள்தான். மே கடைசி என்பது வடக்கே போகும் ரயில்களுக்கு உச்ச நெரிசல். அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். பெயர், வயது எல்லாவற்றையும் முதல் நாளே பயணிகள் பட்டியலில் ஏற்றி வைத்திருந்ததால் ஐந்து பேருக்கும் ஒரே பிஎன்ஆரில் கிடைத்தது. சாதாரண முன்பதிவில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம், தட்காலில் நான்கு பேர்தான். தட்காலை நம்பியிருந்தால் இவர்கள் கூட்டம் முதல் படியிலேயே நான்கும் ஒன்றுமாகப் பிரிந்திருக்கும்.

திரும்பும் டிக்கெட்டைப் பலர் மறந்துவிடுவார்கள். திரும்பும் தேதிக்கு அறுபது நாள் கணக்கு தனி, போகும் டிக்கெட் எடுத்த அன்று அது திறந்திருக்காது. போன் நாள்காட்டியில் அலாரம் வைத்து அதே மாதிரி எட்டு மணிக்கு எடுத்தார்கள். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட் ஆன்லைனில் எடுத்தது என்றால், சார்ட் போட்ட பிறகும் உறுதியாகாவிட்டால் தானே ரத்தாகிவிடும். ஊருக்குப் போக வேண்டிய நாளில் டெல்லியில் நின்றுகொண்டு அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

வீட்டில் பேசியது

பெண்கள் இரண்டு பேர் வீட்டிலும் முதல் பதில் "கூடாது". சித்தி எனக்கே போன் செய்தார். "நீ போனது வேற, வேலைக்குப் போற பொண்ணு. இவளுக்கு என்ன தெரியும்?" என்றார். நான் வாதாடவில்லை. தங்கையிடம் ஒரே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எந்தத் தேதி எந்த ஊர், எந்த ரயில், எங்கே தங்குகிறார்கள், ஐந்து பேர் எண்ணும் அவர்கள் வீட்டு எண்ணும். கரூர் வீட்டில் பெண்ணின் அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, பெண்களுக்குத் தனி அறையா என்பது. ஆமாம், எல்லா இடத்திலும் இரண்டு அறை என்று தாளிலேயே இருந்தது. அடுத்த கேள்வி, மற்ற பையன்கள் வீட்டுப் பெரியவர்களோடு பேச முடியுமா. பேசினார். வேலூர் அம்மாவும் கரூர் அப்பாவும் அரைமணி நேரம் பேசிக்கொண்டார்கள், அதற்குப் பிறகு கரூரிலிருந்து மறுப்பு வரவில்லை. நாம் பாதுகாப்பு பற்றி எத்தனை சொன்னாலும், இன்னொரு பெற்றவர் குரலைக் கேட்பதுதான் பெற்றவருக்குத் தைரியம் தருகிறது.

தாளின் கடைசியில் ஒரு வரி நான் சேர்க்கச் சொன்னது: கின்னௌரின் தலைமையிடமான ரெக்காங் பியோவுக்கு மேலே சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், ஒரு நாள் முழுக்கப் போன் எடுக்காவிட்டால் அது ஆபத்தின் அடையாளம் அல்ல. மலையேறிய பிறகு இதைச் சொல்வதற்குச் சிக்னல் இருக்காது. எல்லா வீட்டாரும் உள்ள ஒரு குழுவில் தினமும் சாயங்காலம் யாராவது ஒருவர் ஒரே ஒரு செய்தி, எந்த ஊரில் இருக்கிறோம் என்று மட்டும். அன்றைக்கு வராவிட்டால் மறுநாள் இரவு வரை பொறுப்பது.

பை

இதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள், எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு பேர் பெரிய பை வாங்கினார்கள், மூன்று பேர் உறவினரிடம் இரவல். நிரப்பிய பையோடு விடுதி மாடிப்படியை ஐந்து முறை ஏறி இறங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள், மூன்றாம் ஏற்றத்திலேயே ஆளுக்கு இரண்டு ஜீன்ஸ் வெளியே வந்தன. கம்பளிக்குப் புதிதாகக் காசு கொட்டவில்லை. ஊட்டியில் திபெத்தியர் கடையில் எப்போதோ வாங்கி வீட்டில் கிடந்த ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போதுமானவை. உள்ளே போடும் தெர்மல் மட்டும் வாங்கினார்கள். பை ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பூட்டு. ரயில் நிலையத்துப் பொருள் வைப்பறையில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், டெல்லியில் பகல் முழுக்க இருக்கப்போகிறவர்களுக்கு அது முக்கியம்.

மருந்துப் பொட்டலத்தில் பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைப் பொடி, வாந்திக்கான மாத்திரை. மலை உயரத்தில் காற்று மெலிவதால் தலைவலி, வாந்தி என்று வரும் உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. அதைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாமல் டாக்டரிடம் போனார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டா என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். மெதுவாக ஏறுவதால் எல்லோருக்கும் தேவையில்லை என்று சொல்லி, எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

பணத்துக்குப் பொதுப் பை ஒன்று. ஆரம்பத்தில் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு, தீரத்தீர சமமாகப் போடுவது. டீ, பஸ், அறை, சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. யார் எத்தனை பரோட்டா தின்றார் என்ற கணக்கே கிடையாது. கரூர்ப் பெண் கணக்காளர், தினம் ராத்திரி நோட்டில் எழுதி மீதியை எண்ணிக் காட்ட வேண்டும். சொந்த ஆசைக்கு வாங்குவது சொந்தக் காசில். ஆனால் சொந்தக் காசு அதிகம் இருக்கிறது என்பதற்காகக் குழுவின் வழியை யாரும் மாற்றக் கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதி வைத்தது பின்னால் பயன்பட்டது.

கிளம்பிய பிறகு

சென்ட்ரலில் வழியனுப்ப வந்தவர்கள் ஐந்து பேரை விட அதிகம். முதல் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் புளிசாதம், பருப்புப் பொடி தடவிய சப்பாத்தி. தயிர்சாதம் கட்டித் தருகிறேன் என்ற அம்மாவைத் தடுத்துவிட்டார்கள், மே மாதத்தில் காலைக்குள் புளித்துப் போகும். சாப்பாட்டை விட வெயில்தான் பிரச்சினை. இரவு சென்னையை விட்ட ரயில் மறுநாள் மத்தியானம் நாக்பூர் பக்கம் இருக்கும், வருஷத்தின் மிகக் கடுமையான வெயிலில், ஸ்லீப்பர் பெட்டியில். ஜன்னலுக்கு ஈரத் துண்டு கட்டி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டு கடந்தார்கள். அந்த மூன்று மணி நேரத்தில்தான் ஒருவருக்கு ஒருவர் எரிந்து விழுந்தார்கள் என்று தங்கை சொன்னாள். சாயங்காலம் வெயில் இறங்கியதும் அவர்களே சிரித்துக்கொண்டார்களாம்.

டெல்லியில் காலையில் இறங்கி அன்றே பகலில் சிம்லா பஸ் பிடிக்க முடியும். பிடிக்கவில்லை, இரவு பஸ்ஸுக்குத்தான் டிக்கெட். இவ்வளவு தூரம் ஓடும் ரயில் சில மணி நேரம் தாமதமானாலும் தாங்க வேண்டும், முதல் தடவை வந்த ஊரில் ஓட வேண்டியிருக்கக் கூடாது என்பதால். புது டெல்லி நிலையத்துக்கு வெளியே "உங்கள் பஸ் ரத்தாகிவிட்டது, எங்கள் ஆபீஸில் வேறு டிக்கெட் தருகிறோம்" என்று கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும் ஆட்கள் உண்டு என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அப்படியே ஒருவர் வந்தார். இவர்கள் நிற்காமல் அஜ்மீரி கேட் பக்கம் இறங்கி மெட்ரோவுக்குள் போய்விட்டார்கள். மஞ்சள் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் காஷ்மீரி கேட், வெளியே வந்தால் மாநிலங்களுக்கிடையிலான பேருந்து நிலையம்.

சிம்லாவில் ஒரு நாள். கால்காவிலிருந்து வரும் சின்ன ரயிலில் போகவில்லையே என்று இரண்டு பேருக்கு வருத்தம். 1903ல் ஓடத் தொடங்கிய, 2008லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் உள்ள 96 கிலோமீட்டர் பாதை அது. திரும்பும்போது பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். மறுநாள் ரெக்காங் பியோவுக்குப் பத்து மணி நேரம் சாதாரண பஸ். அங்கிருந்து மேலேறி கல்பாவில், ஏறக்குறைய 2,960 மீட்டரில், இரண்டு இரவு. எதிரே கின்னர் கைலாஷ் மலைத்தொடர். மேலே ஏறுவதற்கு முன் உடம்பு பழக அந்த உயரம் சரியான இடம். மெதுவாக நடந்தார்கள், நிறைய தண்ணீர் குடித்தார்கள்.

நாக்கோ

பியோவிலிருந்து காஸா போகும் பஸ் காலையில். கவுன்ட்டரில் சீக்கிரமே நின்று நாக்கோவரைக்கும் எடுத்தார்கள். காப் அருகே ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கும் இடம் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறி நாக்கோவில் 3,600 மீட்டரைத் தாண்டுகிறது. கல்பாவோடு ஒப்பிட்டால் தூங்கும் உயரம் ஒரே நாளில் 700 மீட்டர் கூடியது.

அன்று சாயங்காலம் ஒருவனுக்குத் தலைவலி. ஐந்து பேரில் உடம்பு வலுவான ஆள் அவன்தான், கல்லூரி கபடி அணியில் ஆடுபவன். உயர நோய் யாருக்கு வரும் என்பதில் உடற்பயிற்சி எந்தப் பாதுகாப்பும் தராது. வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவதாலும், முடியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுவதாலும் சிக்கிக்கொள்வது அதிகம். இவனும் சொல்லவில்லை. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்ததைக் கணக்காளர் பெண்தான் பார்த்தாள். "தல வலிக்குதா?" என்று நேராகக் கேட்டாள். ஆமாம் என்றான். ராத்திரி ஒரு தடவை வாந்தி.

இதற்கு அவர்களிடம் முன்பே எழுதிய மூன்று வரி இருந்தது. தலைவலி வந்தால் சொல்ல வேண்டும், சொன்னவரிடம் யாரும் முகம் சுளிக்கக் கூடாது, விடும்வரை யாரும் மேலே போகக் கூடாது. குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்க வைத்துப் பார்த்தார்கள், தடுமாறவில்லை. பேச்சில் குழப்பம் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை. இவற்றில் எது இருந்தாலும் நடு ராத்திரியானாலும் வண்டி பிடித்துக் கீழே இறக்கியே ஆக வேண்டும், காத்திருக்கக் கூடாது. இல்லாததால் பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு, பக்கத்தில் ஒரு ஆள் முறை வைத்து விழிப்பு. மறுநாள் முழுக்க நாக்கோவிலேயே தங்கினார்கள். மத்தியானத்துக்குள் பசித்தது.

அதற்கடுத்த நாள் தாபோ. தாபோ சுமார் 3,280 மீட்டர், அதாவது நாக்கோவை விடத் தாழ்வு. கி.பி. 996ல் நிறுவிய மண் மடாலயம் அங்கே இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அங்கே ஒரு இரவு, பிறகு காஸா. காஸா வந்தபோது ஐந்து பேருக்கும் தலைவலி இல்லை.

இதில் வழியை ஒரு இடத்தில் மாற்றியிருக்கலாம் என்பது என் கணிப்பு. கல்பாவிலிருந்து நேரே தாபோவுக்குப் போயிருந்தால் கூடுவது 320 மீட்டர்தான். தாபோ, காஸா இரண்டையும் முடித்துவிட்டு நாக்கோவைத் திரும்பும் வழியில் தங்கும் ஊராக வைத்தால், உடம்பு பழகிய பிறகு அந்த உயரத்தில் தூங்கலாம். நிறையப் பேர் வரைபடத்தில் வரும் வரிசையிலேயே ஊர்களை அடுக்குகிறார்கள். இந்தச் சாலையில் உயர வரிசையும் தூர வரிசையும் ஒன்றல்ல, பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மற்றபடி, ஒரு நாள் கூடுதலாக நின்றதால் எந்த டிக்கெட்டும் வீணாகவில்லை, எந்த அறைப் பணமும் போகவில்லை. டெல்லிக்கும் காஸாவுக்கும் இடையில் சிம்லா பஸ்ஸைத் தவிர வேறு எதையும் முன்கூட்டிப் பணம் கட்டிப் பதிவு செய்யாததால் வந்த வசதி அது. வாடகை வண்டியும் எட்டு நாள் கெடுவும் இருந்திருந்தால் அன்று காலை அந்தப் பையன், "பரவால்ல, போலாம்" என்றுதான் சொல்லியிருப்பான்.

காஸாவில் கணக்கு

காஸாவில் முதல் ராத்திரி நோட்டைத் திறந்தபோது அதுவரை தலைக்கு ஆன செலவு ஐயாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது, திரும்பும் ரயில் டிக்கெட்டையும் சேர்த்து. அவசரப் பணம் தொடாமல் இருந்தது. கீ மடாலயம், லாங்சா, 4,400 மீட்டர் உயரத்தில் தபால் நிலையம் இருக்கும் ஹிக்கிம் எல்லாம் ஒரே வண்டியில் சுற்றிவர ஐந்து பேரும் பங்கு போடலாம் என்று கணக்காளரே சொன்னாள்.

சண்டை வந்தது குன்சுமைப் பற்றி. அந்த வாரம் அந்த வழியில் பஸ் தொடங்கவில்லை. சின்ன வண்டிகள் போகத் தொடங்கிவிட்டன என்று ஊரில் பேச்சு. ஒரு பையன், தனி வண்டி எடுத்து அப்படியே மணாலியில் இறங்கலாம், அதிகமாகும் பணம் என் பொறுப்பு என்றான். கணக்காளர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள், சொந்தக் காசால் குழுவின் வழி மாறாது என்ற வரியை. அவன் கையெழுத்தும் அதில் இருந்தது. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு வெளியே போனான், வந்து சாப்பிட்டான். வந்த வழியே திரும்புவது என்று முடிவானது. பதிமூன்றாயிரம் எழுதியவர் யார் என்று குழுவில் இன்றுவரை யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். அந்த ஆள் பயணம் முழுக்க எல்லா முடிவிலும் வாய் திறந்து பேசினார் என்பது எனக்குத் தெரியும். இந்தத் திட்டம் நன்றாக அமைந்தது என்று நான் சொல்வது அதை வைத்துத்தான்.

ஜூலையில் கேட்பவர்களுக்கு

இப்போது இவர்களின் ஜூனியர்கள் சிலர் இதே தாளை வாங்கிக்கொண்டு, ஜூலை கடைசியில் ஒரு வாரம் லீவு வருகிறது, கின்னௌர் வழியாகவே போய்வரலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஸ்பிதியில் மழை குறைவுதான், ஆனால் அங்கே போய்ச் சேரும் கின்னௌர்ச் சாலையில் பருவமழைக் காலத்தில் மலை சரிகிறது. 2021 ஜூலை 25 அன்று சாங்லா பள்ளத்தாக்கின் பாட்சேரி அருகே மேலிருந்து உருண்ட பாறைகள் சுற்றுலா வண்டி மேல் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் 11ஆம் தேதி, இவர்கள் பஸ்ஸில் போன அதே நெடுஞ்சாலையில், நிகுல்சாரியில் சரிந்த மலை ஒரு அரசுப் பேருந்தையும் வேறு வண்டிகளையும் மூடியது, 28 பேர் இறந்தார்கள். பட்ஜெட்டைச் சரியாகப் போடுவதோ உடம்பைப் பழக்குவதோ இதற்குக் காப்பு ஆகாது. தவிர, ஒரு வாரத்தில் நான்கு நாள் ரயிலுக்கே போய்விடும், மிஞ்சும் மூன்று நாளில் காஸாவை எட்டப் பார்த்தால் நாக்கோவில் நடந்ததை விட மோசமாக நடக்கும். மழை விட்ட பிறகு, செப்டம்பர் கடைசி வாரத்துக்கு அப்புறம், ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு நாள் கிடைக்குமா என்று பாருங்கள். இரவில் குளிர் கடுமையாக இருக்கும், வானம் தெளிவாக இருக்கும், குன்சும் வழியும் அப்போது வழக்கமாகத் திறந்திருக்கும். அவ்வளவு நாள் கிடைக்காவிட்டால் தேர்வு முடிந்து அடுத்த மே. டிக்கெட்டுக்கு அறுபது நாள் முன்னால் உட்கார வேண்டும், சீட்டு எழுதிப் போடுவதை அதற்கும் முன்னால் முடித்துவிடுங்கள்.